தேதி முடியாத தயிர்

'குளிர்பதனத்தில் வைத்திருந்தால் மட்டுமே மேற்கண்ட தேதி செல்லும்.' தயிர்ப் பாக்கெட்டின் மூலையில் எறும்பு ஊர்ந்தது போல அச்சடித்திருக்கும் விதி இது. பணிக்காலம் முழுவதும் எல்லா உத்தரவிலும் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று எழுதி ஓய்வு பெற்றவன் நான். தயிருக்கும் நிபந்தனை உண்டு என்று மட்டும் தோன்றவில்லை.

ஆனி கடைசி. என் மகளைப் பெண் பார்க்கச் செங்கோட்டையிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையை அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது (எனக்குத் தெரியாது என்று இருவரும் நம்பினார்கள்). பெரியவர்கள் சம்மதம்தான் பாக்கி. முதல் நாள் தென்காசியில் தயிர் வாங்கிய நான், நேரே குற்றாலம் போய் அருவியில் தலையைக் கொடுத்தேன். தயிர் விடியும்வரை கார் டிக்கியிலேயே கிடந்தது.

காலையில் பாக்கெட்டை மனைவி அமுக்கிப் பார்த்தாள்.

"இது போயிட்டுங்க. தலையணை மாதிரி உப்பியிருக்கு."

"தேதி நாளைக்குத்தான் முடியுது."

"தயிருக்குத் தேதி பாக்கத் தெரியுமாக்கும்?"

"சாரல் அடிக்குத ஊருல டிக்கியே ஃபிரிட்ஜ்தான். கம்பெனிக்காரன் அளவைக் கூடுதலாப் போட்டிருக்கான், அவ்வளவுதான்."

வந்தவர்களும் அருவியில் குளித்துவிட்டு நல்ல பசியோடு வந்தார்கள். சாம்பார், ரசம் எல்லாம் சுபமாக முடிந்தது. பந்தியில் பாக்கெட்டின் தேதியை எல்லோருக்கும் காட்டிவிட்டு அதன் மூலையில் கத்தரிக்கோலை வைத்தேன். பாக்கெட் வெடித்தது. மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் பாதி, வெள்ளைச் சட்டையில் மீதி. (சட்டையில் கறை தெரியவில்லை. வாடைதான் தெரிந்தது.)

அவர் கண்ணை வழித்துக்கொண்டு, "அண்ணாச்சி, குத்தாலத்துல குளிச்சது பத்தாதுன்னு இங்கனயும் குளிப்பாட்டுதியளே!" என்றார். சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று தயிருக்குப் பின்னால் தெரியவில்லை.

"தேதி இருக்கு" என்றேன். நான் அளித்த விளக்கங்களிலேயே கேவலமானது அதுதான்.

"போயிப் பதில் சொல்லுதோம்" என்று கிளம்பிவிட்டார்கள். மகள் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். மறுநாளே ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் பேசமாட்டார்கள். ஆகவே செங்கோட்டையின் மௌனத்துக்குக் காரணம் ஆடியா, தயிரா என்று மாதம் முழுக்க ஆராய்ந்தேன். நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுத உட்கார்ந்தபோது மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

கடைசியில் போன் வந்தது. "அண்ணாச்சி, எங்களுக்குச் சம்மதம். கல்யாணத்துக்குத் தயிர் மட்டும் நாங்க கொண்டாருதோம். நீங்க கத்தரிக்கோலத் தொடப்பிடாது."

இன்றும் எங்கள் வீட்டில் இலை போடுமுன் கத்தரிக்கோலை ஒளித்துவைக்கிறார்கள். மருமகன்தான் அதற்குப் பொறுப்பு அதிகாரி.

பதில் வந்த நாள்: ஆவணி முதல் தேதி.