கடந்த நான்காம் தேதி முதல் குறுக்கெழுத்து கெட்டுப்போனது குறித்து

பெருமதிப்பிற்குரிய குறுக்கெழுத்துப் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் கட்டம் வரைந்து கொடுக்கும் அன்பரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நலமாயில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

கடைகளில் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கிலோ கல்லைக் கையில் தூக்கியதுமே ஐந்து கிராம் குறைகிறது என்று சொல்லிவிடுவேன். ஆகவே ஒரு சரக்கு தரமானதா, தரம் கெட்டதா என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் புதிரை இருபத்தாறு வருடமாக ஒரு கட்டம்கூட விடாமல் முடித்திருக்கிறேன். தெருவில் எனக்குப் பேரே ‘கட்டம் சார்’தான். தினமும் ஒன்பது மணிக்கு நிரப்பிய பேப்பரை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைத் தையல் கடைக்குப் போவேன். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்ப்பார். துணி கொடுக்க வந்தவர்களும் எட்டிப் பார்த்து, இதெல்லாம் எப்படித்தான் தோன்றுகிறதோ என்பார்கள். எல்லாம் பழக்கம்தான் என்று நான் அடக்கமாகச் சொல்வேன். அப்படிக் கட்டிக்காத்த மானத்தைத்தான் இந்த மாதம் நான்காம் தேதி தாங்கள் கப்பலேற்றினீர்கள்.

இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஒன்றையும், ஆய்வாளன் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். மூன்றாம் தேதி என் மனைவி ஊருக்குப் போனாள். அவளுடைய தங்கை மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகுமாம். என் மனைவிக்கும் புதிருக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்: காலையில் நான் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பைச் சத்தமாகப் படிப்பேன். அது என் வழக்கம். அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதாவது ஒரு சொல்லைச் சொல்வாள். அது தற்செயலாகக் கட்டத்துக்குப் பொருந்திவிடும். ஆனால் பேனா என்னுடையது. எழுதுவது நான். இதை உதவி என்று சொன்னால் பேனாவுக்கு மை ஊற்றிய கடைக்காரனும் உதவினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காம் தேதிப் புதிருக்கு வருகிறேன். ‘காது உண்டு, கேட்காது. இரண்டு எழுத்து’ என்று போட்டிருந்தீர்கள். சத்தமாகப் படித்தேன். சமையலறையில் சத்தமில்லை. எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வந்தது எங்கள் மகன். அதற்கு மூன்று எழுத்து. சுவர் என்று பார்த்தேன், அதற்கும் மூன்று. மத்தியானம் வரை யோசித்துவிட்டு, பொதுவாக விசாரிப்பதுபோல் தையல் கடையில் போய்ச் சொன்னேன். தையல்காரர் தலையை நிமிர்த்தாமல், “ஊசி சார்” என்றார். அப்போது அவர் கையில் ஊசியைத்தான் கோத்துக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்தவனுக்குச் சாதகமாகக் குறிப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்? தராசைப் பற்றி ஒரு குறிப்பாவது இதுவரை போட்டிருக்கிறீர்களா?

அன்றிலிருந்து ஒரு வாரம் பேப்பர் பாதிக்கு மேல் வெள்ளையாகவே கிடந்தது. முழங்கால் வலி என்று சொல்லி, தையல் கடைப் பக்கம் போகாமல் பின்தெரு வழியாக மளிகைக் கடைக்குப் போய்வந்தேன். தையல்காரர் நல்ல மனிதர். பதினோராம் தேதி தைலப் பாட்டிலோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தபோது என் கையில் அன்றைய பேப்பர் இருந்தது. அதில் நான் செய்திருந்த காரியத்தை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ஓசை நன்றாக இருக்கும் சில சொற்களை நானே உண்டாக்கி எழுதி வைத்திருந்தேன். அவர் ஆசையாக வாங்கிக் கடைக்கே கொண்டுபோய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடையில் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த தமிழாசிரியை ஒருவர், குறுக்கே ஏழில் நான் எழுதியிருந்த ‘தும்பகை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். பழைய சொல், ஒருவகைக் கொடி என்றேன்.

“தும்பை தெரியும். தும்பகை எந்த நூல்ல வருது?” என்றார் அவர்.

நிறைய நூலில் வருகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் தாங்கள் விடையை வெளியிட்டீர்கள். ‘வீட்டை விட்டு வெளியே போகலாம், கண் மட்டும்’ என்ற அந்தக் குறுக்கே ஏழுக்கு விடை ஜன்னல். தையல்காரர் அதைக் கத்தரித்துச் சுவரில் குத்தி வைத்தார். அன்றிலிருந்து அந்தக் கடையில் ஜன்னலை யாரும் ஜன்னல் என்று சொல்வதில்லை. “புழுக்கமா இருக்கு, அந்தத் தும்பகையைக் கொஞ்சம் திறந்து விடுங்க” என்கிறார்கள். நேற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வர்ணம் அடிக்க வந்த ஆள்கூட, மொத்தம் எத்தனை தும்பகை என்று என்னிடமே கேட்டான்.

உதவி கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கே போன் செய்தேன். எடுத்த பெண், என்ன விஷயம் என்று மரியாதையாகத்தான் கேட்டார். கீழ்நோக்கி மூன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். உடனே பதறிப்போய், எந்தக் கட்டடம், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும், “விடை நாளைக்கு வரும் சார்” என்று வைத்துவிட்டார். தீப்பிடித்தவன் தண்ணீர் கேட்டால் நாளைக்கு மழை வரும் என்பதுபோல் இருக்கிறது.

வேறு வழியில்லாமல் பதினைந்தாம் தேதி மனைவிக்குப் போன் செய்தேன். உப்பு ஜாடி எங்கே என்று கேட்கத்தான் செய்தேன்; அது என் கண்ணெதிரிலேயே இருந்தது என்பது வேறு விஷயம். மேல்தட்டில் இடது பக்கம் என்றாள். தங்கையின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். பிறகு பேச்சோடு பேச்சாக, “திருப்பிப் போட்டாலும் கறுப்புத்தான், மூணு எழுத்து” என்றேன். 

“என்ன கேக்கறீங்க?” என்றாள்.

“நான் கேக்கல. படிச்சேன்.”

“இருபத்தாறு வருஷமா படிக்கத்தான் செய்றீங்க. ஒரு நாள் கேளுங்க, சொல்றேன்.”

உள்ளே தங்கை கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டிய மனைவியையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டது தங்கள் புதிர். மறுநாள் பேப்பரில் விடை காக்கா என்று வந்திருந்தது. அதைப் படித்தபோது ஒரு காக்கா எங்கள் தும்பகையில், மன்னிக்கவும், ஜன்னலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். மூன்றாம் தேதிக்கு முன்பு இருந்த தரத்துக்குப் புதிரை உடனே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அது முடியாதென்றால் வாசகர்களுக்கு முறையான உதவி ஏற்பாடு செய்ய வேண்டும். அதாவது, நாங்கள் குறிப்பைச் சத்தமாகப் படித்ததும் பக்கத்து அறையிலிருந்து பதில் வர வேண்டும். பதில் சொன்னவர், தான்தான் சொன்னதாகப் பிறகு சொல்லிக்காட்டக் கூடாது. இரண்டும் நடக்காவிட்டால் இம்மாதக் கடைசியோடு பத்திரிகையை நிறுத்திவிட்டு, சுடோகு போடும் பத்திரிகைக்கு மாறிவிடுவேன். எண்ணுக்காவது ஒன்பதுக்கு மேல் ஆசை கிடையாது.

தங்கள் பத்திரிகை தழைக்கவும், தங்கள் பேனா இனியாவது ஏழை எளியவர்களிடம் இரக்கம் காட்டவும் வாழ்த்துகிறேன். போனில் பேசிய பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லவும். நான் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை, பத்திரமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த வாசகன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். இன்றைய குறுக்கே ஒன்பது: ‘முதல் எழுத்தை விட்டால் மீனவனிடம் இருக்கும், விடாவிட்டால் மனசில் இருக்கும். மூன்று எழுத்து.’ இரண்டு தடவை நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை அவள் எடுத்ததும், “எனக்கு ஒரு சொல் தெரியல, கொஞ்சம் சொல்றியா?” என்று கேட்டேவிட்டேன். படிங்க என்றாள். படித்தேன். “கவலை” என்றாள். எனக்கென்ன கவலை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், துணிகூட நானே துவைத்துக்கொள்கிறேன் என்றேன். “விடையைச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தங்கை வீட்டுக்கும் தங்கள் பத்திரிகைதான் வருகிறதாம். தினமும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், யாராவது பக்கத்து அறையிலிருந்து கத்திப் படிக்காவிட்டால் அவளுக்கு ஒரு சொல்லும் தோன்றுவதில்லையாம். போனைக் கீழே வைக்காமல் மீதி எல்லாவற்றையும் கத்திப் படித்தேன். அங்கேயும் குழாய்ச் சத்தம் கேட்டது. எனவே மேலே கண்ட புகார்கள் அனைத்தையும் வாபஸ் பெறுகிறேன். ஆனால் இன்றைய புதிர் மொத்தமும் பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு எளிதாகப் போடுவது இருபத்தாறு வருட வாசகனை அவமதிக்கும் செயல். என் கடுமையான கண்டனத்தைப் பதிவு செய்துகொள்ளவும்.