எளிய தொடக்கத்தின் காவலர் தீர்த்தம்மாள்

உலக வரலாற்றை இரண்டே பாகமாகப் பிரித்துவிடலாம். தீர்த்தம்மாள் புளி தட்டிய காலம் ஒன்று. தட்டுவதை நிறுத்திய காலம் இன்னொன்று. போர்கள், நிலவுப் பயணங்கள் முதலிய மற்ற சில்லறை நிகழ்ச்சிகளைப் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அடியேன் மாரப்பன், தருமபுரியில் பாராட்டுத் தொழில் செய்பவன். மணிவிழா மலர், திருமண வாழ்த்து மடல், மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று யாரை எங்கே புகழ வேண்டுமானாலும் என்னிடம் ஆள் வரும். 'கொடைவள்ளல்' என்ற சொல்லை இந்த மாவட்டத்தில் என் அளவுக்கு எழுதியவர்கள் இல்லை. எழுதிய அளவுக்கு வள்ளல்களை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

சென்ற மாசி மாதம் தீர்த்தம்மாள் எனக்கு ஆள் அனுப்பினார். பென்னாகரம் சாலையில் 'தீர்த்தம்மாள் புளி உலகம்' என்ற பலகையைப் பார்க்காமல் யாரும் ஒகேனக்கல் போக முடியாது. அருவியைப் பார்க்காமல்கூடத் திரும்பிவிடலாம். அவருடைய அலுவலக அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கேடயங்கள்.

"ஐயா, எனக்குத் 'தகடூர்த் தாரகை' விருது தர்றாங்க. என் வாழ்க்கைய பத்து நிமிஷப் படமா எடுத்துக் குடுக்கணுமாம். மொதல்ல எளிய தொடக்கம், அப்பறம் எழுச்சி, கடைசில ஈகை. நீங்கதான் வசனம்" என்றார்.

எளிய தொடக்கத்தை அவரே சொன்னார். தொண்ணூற்று மூன்றாம் வருடம், மாதப்பன் என்பவருடைய புளிக் கிடங்கில் கூலிக்குச் சேர்ந்திருக்கிறார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தரையில் உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் புளியைத் தட்டி, ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுக்க வேண்டும். விரலெல்லாம் வெந்து தோல் உரியும்.

"அதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம் ஐயா. கக்கூசு கெடையாது. ரோட்டத் தாண்டி முள்ளுக் காட்டுக்குள்ள போவணும். லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கிட்டே போவான். அதுக்குப் பயந்து வூட்டுல காலைலயே தண்ணி குடிக்காம கெளம்புவோம். சாயங்காலம் வூட்டுக்கு வந்துதான் மொத மொடக்குத் தண்ணி." அவர் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான். அந்த அழுகையில் பொய் இல்லை. இதை நான் கூலி வாங்காமலே எழுதுவேன்.

எழுச்சியிலும் பொய் இல்லை. மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு பஸ் ஏறி, பெங்களூரில் கடை கடையாக 'புளி பேக்கா, புளி' என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டுத் திரிந்த பெண் அவர். இன்று அவருடைய பாக்கெட் இல்லாத ரசம் அந்த ஊரில் குறைவு. அடியேனால் இந்த வயதில் பெங்களூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்கவே முடிவதில்லை.

ஈகைக்கு வருவோம். தொப்பூர்க் கணவாயில் அவர் வைத்த எச்சரிக்கைப் பலகை புகழ்பெற்றது. 'மெதுவாகச் செல்லவும்' என்பது சிறிய எழுத்து. 'கொடைவள்ளல் தீர்த்தம்மாள்' என்பது பெரிய எழுத்து. பெயரைப் படித்து முடிப்பதற்குள் வண்டி தானாக மெதுவாகிவிடுகிறது. வத்தல்மலைக்கு நூறு கம்பளி கொடுத்தார். பெண்கள் பள்ளிக்குப் பன்னிரண்டு நவீனக் கழிப்பறைகள் கட்டித் தந்தார். திறப்பு விழாவில், "ஒரு பொண்ணு கூட தண்ணி குடிக்கப் பயப்படக் கூடாது" என்று அவர் பேசியதைக் கேட்டுத் தலைமையாசிரியையே அழுதாராம். சொந்தத் தொழிலாளிகளையும் மறக்கவில்லை. தம்முடைய ஷெட்டில் இருநூறு லிட்டர் சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்த் தொட்டி ஒன்றை வைத்து, அதற்கும் கல்வெட்டுப் பதித்தார்.

"அஞ்சு வருஷம் ஆச்சு ஐயா. அந்தத் தொட்டில பாதிகூட ஒரு நாளும் காலியானதில்ல. நம்ம பொம்பளைங்களுக்குத் தாகமே கம்மி. அவ்வளவு சிக்கனம்!" என்று அவர் பெருமைப்பட்டார். நான் 'தாகம் வென்ற தகைமையாளர்' என்று குறித்துக்கொண்டேன்.

படம் எடுக்க வந்தவர் ரஞ்சித்குமார். கல்யாண வீடியோவில் மணமக்களைக் காவிரி மேலே பறக்கவிட்ட கலைஞர். எளிய தொடக்கத்தை எங்கே எடுப்பது என்று முதல் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மாதப்பனின் கிடங்கு இப்போது கல்யாண மண்டபம். "நம்ம ஷெட்டுலயே எடுத்துக்கலாம்" என்றார் தீர்த்தம்மாள்.

ரஞ்சித்குமார் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். புது இடத்தைப் பழையதாகக் காட்ட ஒட்டடை, புகைக்கரி, கிழிந்த சாக்கு, மங்கலான குண்டு பல்பு எல்லாம் ஒரு பெரிய பையில் இருந்தன. ஷெட்டுக்குள் போனார். நாற்பத்திரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பையின் ஜிப்பை மூடிவிட்டார்.

"மேடம், செட் வேலையே வேணாம். தொண்ணூத்தி மூணு அப்படியே இருக்கு!"

"நான் பழச மறக்காதவ தம்பி" என்றார் தீர்த்தம்மாள். அவர் முகத்தில் ஒரு பூரிப்பு.

காலத்துக்குப் பொருந்தாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: குடிநீர்த் தொட்டி. அதைச் சாக்குப் போட்டு மூடினோம்.

தீர்த்தம்மாள் கைத்தறிச் சேலையில் தரையில் அமர்ந்து சுத்தியலை எடுத்தார். ஒரே தட்டு. புளி தப்பித்தது, கட்டைவிரல் தப்பவில்லை. ஐஸ் கட்டி, களிம்பு, கட்டு என்று அரை நாள் போயிற்று. பிறகு ரஞ்சித்குமார் ஒரு தீர்வு சொன்னார். முகம் மேடத்தின் முகம். கை மட்டும் வேறொருவர் கை. நாற்பத்திரண்டு ஜோடிக் கைகளில் நன்றாக வெந்து வெடித்திருந்த ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். அது கோகிலவாணியின் கை.

கோகிலவாணி பென்னாகரத்துப் பக்கம். பதினோரு வருடமாக அந்த ஷெட்டில் தட்டுகிறார். படப்பிடிப்பு இடைவேளையில் என்னிடம் வந்து, "ஐயா, வசனம் எழுதறவரு நீங்கதானுங்களே? அதுல எங்களுக்காக ஒரு வரி சேப்பீங்களா?" என்று கேட்டார்.

"என்ன வரிம்மா?"

"இங்க ஒரு கக்கூசு வேணும்னு. ஆறு மாசத்துல ரெண்டு வாட்டி எனக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல்ல படுத்துட்டனுங்க. நெறையத் தண்ணி குடிக்கணும்ங்கறாரு டாக்டரு. குடிச்சா எங்க போறது? இன்னொரு வாட்டி வந்தா கிட்னிக்கு ஆவாதாம். அம்மாகிட்ட நாலு தடவ கேட்டுப் பாத்துட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'நான் ஒங்க வயசுல கக்கூசா கேட்டேன்? கஷ்டப்பட்டாத்தான் முன்னுக்கு வர முடியும்'னாங்க. நாங்க எப்ப முன்னுக்கு வர்றது, எப்ப ஒண்ணுக்குப் போறது, சொல்லுங்க."

"பார்க்கலாம்மா" என்றேன். பாராட்டுத் தொழிலில் நாங்கள் அடிக்கடி பயன்படுத்தும் சொல் 'கொடைவள்ளல்'. அதற்கு அடுத்தது 'பார்க்கலாம்'. அன்றிரவு எழுதிய வசனத்தில் அந்த வரி இல்லை. அது படத்தின் 'ஓட்டத்தை'க் கெடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

விருது விழா அதே பழைய மாதப்பன் கிடங்கான கல்யாண மண்டபத்தில் நடந்தது. தலைமை, தன்னம்பிக்கைப் பேச்சாளர் மாதவராஜ். காதில் மாட்டிய மைக்கோடு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசுவார். உட்கார்ந்தால் தன்னம்பிக்கை குறைந்துவிடும் என்பது அவர் கொள்கை. கைதட்டலுக்காக நாற்பத்திரண்டு பெண்களையும் வேனில் அழைத்து வந்திருந்தார்கள். அன்று அவர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை என்று தீர்த்தம்மாள் அறிவித்ததும் முதல் கைதட்டல் உண்மையாகவே எழுந்தது. மண்டபத்தில் கழிப்பறை இருந்தது. வரவேற்புரை முடியும்வரை அங்கே வரிசை குறையவில்லை.

படம் ஓடியது. மங்கலான பல்பு. வரிசையாகக் குனிந்த முதுகுகள். திரை முழுக்க இரண்டு வெடித்த கைகள். பின்னணியில் என் வசனம்: "பத்து மணி நேரம். உட்காரப் பலகை இல்லை. ஒதுங்க ஓர் இடம் இல்லை. நாவறண்டாலும் நீர் அருந்த அஞ்சிய நங்கையர்! மனிதநேயம் மரத்துப்போன ஒரு முதலாளியின் இருட்டறை!" மண்டபம் விம்மியது. தீர்த்தம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

விளக்கு வந்ததும் மாதவராஜ் மேடை நடுவுக்குப் பாய்ந்தார்.

"நண்பர்களே, என் ரத்தம் கொதிக்குது! பொம்பளைங்கள ஆடு மாடு மாதிரி அடைச்சு வச்ச அந்த முதலாளி மனுஷனா? அவன் மட்டும் இப்ப என் முன்னாடி வந்தா, சும்மா விட மாட்டேன்! விடலாமா?"

"விடக் கூடாது!" என்று மண்டபம் கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் தீர்த்தம்மாள்.

"அம்மா, அந்தக் கைகள உலகத்துக்குக் காட்டுங்க!" என்று மாதவராஜ் அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். நான்கு மோதிரமும் கட்டைவிரலில் ஒரு வெள்ளைக் கட்டும் உயர்ந்தன. கேமராவுக்குப் பின்னாலிருந்த ரஞ்சித்குமார் கலையில் பொய் பொறுக்காதவர்.

"சார், கை டூப்புங்க. அது கோகிலவாணி அக்கா கை" என்று சத்தமாகச் சொன்னார்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எதற்கும் தடுமாறுவதில்லை. "அப்போ அந்தச் சகோதரியும் மேடைக்கு வரட்டும்!" என்றார். கோகிலவாணி தயங்கித் தயங்கி ஏறி வந்தார். கையில் பிடிக்கும் மைக் ஒன்று அவர் வாய்க்கு நேராக நீண்டது.

"சொல்லுங்கம்மா. அந்த நரகத்துல நடிச்சப்போ மனசுல என்ன ஓடுச்சு?"

"நடிக்கலீங்க சார். அன்னிக்கு வேல நாளுதான். தட்டிக்கிட்டு இருந்தோம், படம் எடுத்துக்கிட்டுப் போனாங்க."

"இல்லம்மா, அது முப்பது வருஷத்துக்கு முந்தின..."

"போன வெள்ளிக்கெழமைங்க சார்."

மாதவராஜ் முதன்முறையாக நடப்பதை நிறுத்தினார்.

"அப்ப அந்த முதலாளி..." என்று மெதுவாக இழுத்தார்.

"தேடிக்கிட்டு எங்கயும் போவ வேணாங்க சார். ஒங்க பக்கத்துச் சேர்லதான் உக்காந்திருக்காங்க" என்றார் கோகிலவாணி. அவர் குரலில் கோபமே இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொன்ன குரல். "அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்க. பாவம், அவங்களும் தட்டினவங்கதான். ஒரு கக்கூசு மட்டும் கட்டிக் குடுக்கச் சொல்லுங்க, போதும்."

நாற்பத்தொரு பெண்கள் கைதட்டினார்கள். கைதட்டத்தானே வேனில் அழைத்து வந்தது?

தீர்த்தம்மாளுக்கு முகம் சிவந்து, வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பியது. அவர் எழுந்து மைக்கை வாங்கினார். "இந்த நல்ல நாள்ல, என் தங்கச்சிங்களுக்கு ஒரு நவீனக் கழிப்பறை என் காணிக்கை!" என்றார். மாதவராஜ், "இதுதான் தலைமைப் பண்பு!" என்று மறுபடி நடக்கத் தொடங்கினார். விருது வழங்கப்பட்டது. அடியேன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றுப் புத்தகமும் வெளியிடப்பட்டது. சாப்பாட்டில் ரசம் பிரமாதம்.

கழிப்பறை இருபது நாளில் எழும்பியது. கிரானைட் முகப்பு, தங்க நிற எழுத்துக்கு இடம். கல்வெட்டு வாசகத்துக்கு என்னைக் கேட்டார்கள். கோகிலவாணி கேட்டும் சேர்க்காத அந்த வரி என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. இப்படி எழுதிக் கொடுத்தேன்:

'தாம் கண்ட எளிய தொடக்கம் அழிந்துவிடாமல் காத்து, அதை நாற்பத்திரண்டு பெண்களுக்கு நாள்தோறும் வழங்கிவந்த கொடைவள்ளல்.'

தீர்த்தம்மாள் இரண்டு முறை படித்தார். "பிரமாதம் ஐயா! 'நாள்தோறும்'ங்கறதக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுங்க" என்றார். பெரிதாகவே போட்டார்கள்.

கட்டி முடித்துப் பூட்டினார்கள். மாதவராஜ்தான் திறக்க வேண்டும்; அவர் சிங்கப்பூரில் தன்னம்பிக்கை வழங்கப் போயிருந்தார், ஆடிக்குப் பிறகுதான் தேதி. திறப்பு விழாப் பட்டு நாடா கதவில் மடித்து ஒட்டப்பட்டிருந்தது. பெண்கள் அதைக் கடந்து, ரோட்டைத் தாண்டி, முள்ளுக் காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே இருந்தேன். கோகிலவாணி பூட்டின் முன் நின்று கல்வெட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம் ஐயா?"

"நீ தண்ணி குடிக்காம இருந்ததுக்கு யார் காரணம்னு அர்த்தம்மா."

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த புளிச் சுத்தியலை எடுத்தார். பதினோரு வருட அனுபவம். ஒரே தட்டு, ஓடு உடைவது மாதிரிப் பூட்டு உடைந்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடாவைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்த கோகிலவாணி நேராகத் தொட்டிக்குப் போய், ஒரு சொம்பு நிறையப் பிடித்து, நிறுத்தாமல் குடித்தார்.

மறுநாள் சாயங்காலம் தீர்த்தம்மாள் எனக்குப் போன் செய்தார். பூட்டைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று ஒரு மன்னிப்பு வசனத்தைத் தயார் செய்துகொண்டே எடுத்தேன். அவருக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

"ஐயா, அந்த எரநூறு லிட்டர் தொட்டி ரெண்டு நாளைக்குக்கூட வரல! அஞ்சு வருஷமா தாகமே இல்லாத மாதிரி இருந்து என்னை ஏமாத்திப்புட்டாளுங்க ஐயா! இத நீங்க என் புஸ்தகத்துல எழுதணும்!"

கேட்டால் மறுக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. வாழ்க்கை வரலாற்றின் புதிய பதிப்பில், 'சாதனைகள்' என்ற தலைப்பின் கீழ், முதல் வரியாகச் சேர்த்துவிட்டேன்:

'தம்மிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் தாகம் எடுக்கும் என்பதைத் தீர்த்தம்மாள் தமது ஐம்பத்து நான்காம் வயதில் கண்டுபிடித்தார்.'