கிழட்டுச் சிப்பைப் படித்த படலம்

வாழ்க அனந்தலக்ஷ்மி! கரமனை அக்கிரகாரத்தின் மின்குலத் திலகமாய், பற்றவைப்புக் கோல் ஏந்திய செங்கையளாய், ஃபியூஸ் போன இல்லங்களுக்கெல்லாம் ஒளி வழங்கிய தயாபரியாய் விளங்கும் அவள், புத்தாயிரம் பிறந்த மறு ஆண்டின் விஜயதசமிக் காலையில் ஒரு கிழட்டு மெமரி சிப்போடு பொருத கதையைச் சொல்லப் புகுகிறேன். குக்கரை இறக்கிவைத்துவிட்டு வந்து கேட்பீராக.

அந்தச் சிப், அவள் கன்னிப் பருவத்தில் எழுதிய ஆடுபுலி ஆட்டத்தைத் தன்னுள் அடக்கியது. மறுபிரதி மூவுலகிலும் இல்லை. அது குடியிருந்த பழைய கம்ப்யூட்டரோ, ஓடாமல் முடங்கியும் சாப்பாட்டு மேஜையில் பாதியைக் கவர்ந்து ஆண்டுவந்தது. ஆகவே அவள் கணவர், வங்கிக் குமாஸ்தாக்களில் சிங்கமெனத் தகும் பிச்சுமணி, முழங்கினார்: “இன்னிக்குப் பூஜை எடுக்கறதுக்குள்ள இது ஓடலேன்னா, ஆக்ரிக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் குடுத்துடுவேன், கேட்டியா!” பழைய சாமான் கொள்ளும் அவ்வீரனின் கூவல் தெருமுனையில் எழுந்தேவிட்டது.

இந்தக் கேட்டிற்கு மூலமும் அச்சிங்கமே. சரஸ்வதி பூஜை வைத்த அன்று கம்ப்யூட்டரைத் திறந்து துடைத்தவர், சிப்பின் கண்ணாடிக் கண்ணை மூடியிருந்த அழுக்குக் காகிதத்தை உரித்தெறிந்து, அங்கே சந்தனம் சாத்திவிட்டார். பக்தியில் ஒரு குறையும் இல்லை.

சந்தனத்தைத் துடைத்துவிட்டு அனந்தலக்ஷ்மி சிப்பைப் படிக்கும் கருவியில் ஏற்றினாள். எத்தனை முறை படித்தாலும் ஒரே கூட்டுத்தொகையைச் சொல்வதன்றோ சிப்பின் அறம்? அதுவோ முதலில் ஒன்று சொன்னது. பிறகு வேறு சொன்னது. அப்புறம் கல்யாண வீட்டுச் சம்பந்தியைப் போல முன் சொன்ன இரண்டையும் மறுத்தது. சிப்பின் உலோகக் கால்களை ரப்பரால் தேய்த்தாள். மின்னழுத்தத்தை நூலளவு ஏற்றினாள், இறக்கினாள். கிழம் மசியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, அதன்மேல் குனிந்தாள்.

ஆ! அவள் தலையின் நிழல் விழுந்த கணத்தில் இரு வாசிப்புகள் ஒத்தன! ஜன்னல் வெயிலன்றோ அந்தத் திறந்த கண்ணுள் புகுந்து கிழத்தின் புத்தியைக் கலைத்தது! உரிபட்டது அழுக்கன்று, கவசம்!

“இதில இருந்த காகிதத்தை உரிச்ச மகாபாவி யாரு?” என்று அண்டம் அதிர வினவினாள். சிங்கம் காப்பி ஆற்ற அடுக்களைக்குள் சென்றது.

அப்பொழுது அம்மாதரசி தன் நெற்றியின் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துச் சிப்பின் கண்மேல் ஒட்டினாள். படித்தாள், மீண்டும் படித்தாள், ஆசை தீரப் படித்தாள். தொகை இம்மியும் அசையவில்லை! புதுச் சிப்பில் பிரதி ஏற, கம்ப்யூட்டர் உறுமி எழ, தராசோடு வாசலில் வந்துநின்ற ஆக்ரிக்காரனும் வாய்பிளந்து நோக்க, திரையிலே ஆடுகளும் புலிகளும் அணிவகுத்துத் துலங்க, அவற்றின் கீழே, தம்பி தொடக்கூடாதென்று அந்நாளில் அவளே காவல் வைத்த ரகசியச் சொல்லைக் கேட்டு ஒரு கோடு கண்சிமிட்டியது.

அந்தச் சொல் அவளுக்கு மறந்துபோயிருந்தது.