புயலுக்கு ஓர் ஆணி

கீழ்த்தெருவில் அன்று இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று குடிதண்ணீருக்கு. இன்னொன்று ஆணிக்கு. ஆணி வரிசைதான் நீளம்.

புயல் வந்து தெருவைப் புரட்டிப் போட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கூரை இல்லாதவர்கள் கூரைக்கு முன்னால் ஆணியை வாங்கினார்கள். ஒருவர் ஆணி அடிப்பதற்காகவே வெறும் நிலைச்சட்டம் ஒன்றை மண்ணில் நட்டு வைத்திருந்தார். சுவர்கள் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும் என்று நம்பிக்கை.

விற்றவர் ஆணியார். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. பாதி இடிந்த மரக்கடையின் முன்பக்கம் அவருடைய தர்பார். ஒரு நாற்காலி, ஒரு சுத்தியல், ஒரு பெட்டி. பெட்டிக்குள் சாண் நீள இரும்பாணிகள்; ஒவ்வொன்றின் கழுத்திலும் செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அதைக் கடல் பக்கம் பார்த்த நிலைச்சட்டத்தில் ஆணியாரே வந்து அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் எந்தக் காற்றும் அந்த வீட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போய்விடுமாம். விலையை அவர் சொல்வதில்லை. "உங்க வீடு உங்களுக்கு எவ்வளவு பெருசு?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குச் சில்லறையில் பதில் சொல்ல யாருக்கு மனம் வரும்?

சாட்சிக்கும் பஞ்சமில்லை. சலூன்காரர் தினமும் வந்து நின்று தொண்டை கிழியக் கத்துவார்.

"என் வீட்டைப் போய்ப் பாருங்கய்யா! ஆணி அடிச்ச வீடு. ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கா? ஒரு கீறல் உண்டா?"

உண்மைதான். அவர் வீடு மேட்டுத்தெருவில் இருந்தது. கான்கிரீட் கூரை, இரண்டு பக்கமும் மாடி வீடுகள். ஆணியே அடிக்காத அந்த மாடி வீடுகளிலும் ஒரு கீறல் இல்லை. அவர்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஆணி அடித்தும் விழுந்த வீடுகளிலிருந்தும் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவர்களில் சிலர் எங்கேயும் வரக்கூடிய நிலையில் இல்லை.

அப்படி வர முடியாமல் போன ஒருத்தியின் மகள்தான் பக்கத்துத் தண்ணீர் வரிசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி மாணவி. புயலடித்த அன்று விடுதியில் இருந்ததால் பிழைத்தாள். கல்லூரிக்குள் இடுப்பளவு சேறு. எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்தவள், வீடு இல்லாததால் தொண்டர்களோடு சேர்ந்துவிட்டாள். வகுப்பில் ஏதோ பயிற்சிக்காக ஆரம்பித்து அரைகுறையாக விட்டிருந்த வலைப்பூவில் இப்போது தெருச் செய்தி எழுதினாள். தண்ணீர் லாரி எந்த மூலையில் நிற்கிறது, எந்தக் கடையில் செல்போனுக்கு சார்ஜ் போடலாம், எந்தக் கம்பியைத் தொடக்கூடாது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள், அம்மா வீட்டுத் தெரு என்ன ஆனது என்று அதில்தான் பார்த்தார்கள். தெருவில் அவளுக்குப் பேப்பர்க்காரி என்று பெயர் விழுந்தது.

அவளுடைய அப்பா தையல்காரர். கைக்குட்டைத் துணியைக்கூட இரண்டு தரம் அளந்து வெட்டுகிற மனிதர், ஆணியை மட்டும் அளக்காமல் வாங்கினார். புயலுக்கு முன்பே வாங்கினார். எல்லோரும் மேட்டுக்கு வாருங்கள் என்று ஒலிபெருக்கி அலறியபோது, "நமக்குத்தான் ஆணி இருக்கே" என்று மனைவியை உள்ளே உட்காரவைத்தார். சுவர் அவள்மேல் விழுந்தது. அவர் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரோடு கிடைத்தார்.

துக்கம் விசாரிக்க ஆணியாரும் வந்தார். விசாரித்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னார்.

"உங்க வீட்டம்மா மனசுல ஒரு சின்ன சந்தேகம் இருந்திருக்கு. சந்தேகம் இருக்கிற வீட்ல ஆணி தூங்கிடும்."

ஆணி தூங்கிவிடும்! வீடு நின்றால் ஆணி விழித்திருந்தது. விழுந்தால் ஆணி தூங்கிவிட்டது. இதைவிட வசதியான தூக்கம் உலகத்தில் எந்தப் பொருளுக்கும் வாய்த்ததில்லை. தையல்காரர் தலையாட்டினார். நிவாரணத் தகரத்தில் புதிதாகப் போட்ட குடிசையின் நிலையில் இன்னோர் ஆணி அடித்துக்கொண்டார்.

மகள் வேலை செய்தாள். இடிபாட்டு மரங்களை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால், முதலில் அவற்றிலுள்ள ஆணிகளைப் பிடுங்க வேண்டும். தொண்டர்கள் பகலெல்லாம் அதைத்தான் செய்தார்கள். பிடுங்கும்போது செப்புக் கம்பி சுற்றிய ஆணிகளும் வந்தன. விழுந்த வீடுகளின் நிலைச்சட்டங்களிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றை மட்டும் தனியாக ஒரு பெயிண்ட் வாளியில் போட்டாள். வாளி நிறைந்ததும் படமெடுத்து, "விழுந்த வீடுகளில் கிடைத்தவை" என்று ஒரு வரி எழுதி வலைப்பூவில் போட்டாள். இனிமேல் யார் வாங்குவார்கள் என்று நிம்மதியாக இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஒரு கூட்டம் அவளைத் தேடி வந்தது.

"பேப்பர்க்காரி, அந்த வாளி ஆணியை எங்களுக்குக் குடும்மா. புயலையே பார்த்த ஆணியாச்சே, சக்தி ஜாஸ்தியா இருக்கும்ல?"

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மரக்கடை வரிசை இன்னும் கொஞ்சம் நீண்டதுதான் அவள் எழுத்தால் விளைந்த பயன்.

அப்போதுதான் இரண்டாவது புயல் கிளம்பியது.

வானிலை ஆபீஸ் நாளையும் திசையையும் சொல்லிவிட்டது. கீழ்த்தெருக்காரர்களை மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக லாரிகள் வந்தன. வந்த லாரிகள் காலியாகத் திரும்பின. "எங்களுக்கு ஆணி இருக்கு" என்றது தெரு.

"அப்பா, கிளம்புங்க. லாரி நிக்குது."

"நீ போம்மா. நான் இருந்துக்கறேன்."

"எதை நம்பி? அந்த ஆணியையா?"

"மெதுவாப் பேசு." அவர் கண் நிலைச்சட்டத்துக்குப் போய் வந்தது. ஆணி காதில் விழுந்துவிடுமோ என்று பயம்.

"போன தடவையும் ஆணி இருந்துச்சுப்பா. அம்மாவும் இருந்தாங்க."

தையல்காரர் மிஷினின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த ஆணி பொய்யின்னா, உங்கம்மாவை உள்ள உக்காரவெச்சுக் கொன்னது யாரு? சொல்லு பாப்பா. நீதான் படிச்சவளாச்சே."

அவள் ஒரு வாளி நிறைய ஆதாரம் வைத்திருந்தும், இந்தக் கேள்விக்கு முன்னால் அது வெறும் இரும்பாகத் தெரிந்தது. இவர் வரமாட்டார். இவர் மட்டுமல்ல, இந்தத் தெருவே வராது. இருந்த ஒருவரையும் நாளை இழக்கப்போகிறாள்.

அவள் நேராக மரக்கடைக்குப் போய் ஆணி வரிசையில் நின்றாள்.

"அட, பேப்பர்க்காரிக்கே புத்தி வந்துடுச்சு!" என்று சலூன்காரர் குதித்தார். கூட்டம் வழிவிட்டது. அவள் ஆணியார் முன்னால் போய் மரியாதையாக நின்றாள்.

"ஐயா, நாளைக்குப் புயல். எங்கப்பா வீட்டை விட்டு நகரமாட்டேங்கறாரு. நீங்க ஆணி அடிச்ச வீடுதான். நாளைக்குப் பகல் முழுக்க நீங்க எங்க வீட்ல வந்து இருக்கணும்."

ஆணியார் கருணையோடு சிரித்தார். "எல்லார் வீட்லயும் நான்தானேம்மா ஆணியா இருக்கேன்."

"ஆணி இருக்குங்க. ஆளும் இருந்தா அப்பாவுக்குத் தெம்பா இருக்கும்."

"சரியாத்தானே கேக்குது பொண்ணு!" என்றாள் ஓர் அம்மாள். உடனே இன்னொரு குரல்: "அதெப்படி அவங்க வீட்டுக்கு மட்டும்? எங்க வீட்டுக்கு வாங்கய்யா!" "நாங்க மொதல்ல ஆணி வாங்கினவங்க!" ஆணியாரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பக்தியின் வலிமை என்னவென்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

சலூன்காரர் அவரைக் காப்பாற்றப் பார்த்தார். "ஐயா நம்ம வீட்டுக்கு வரட்டும். மெத்தை இருக்கு."

"மேட்டுத்தெருவா? வரேனே!" ஆணியார் எழுந்தேவிட்டார்.

"நல்லா இருக்கே!" என்று ஒரு பெரியவர் மறித்தார். "அங்க காத்தே அடிக்காது. ஐயாவுக்கு அங்க என்ன வேலை? நோயாளி இல்லாத வீட்டுக்கு டாக்டர் எதுக்கு?"

கூட்டம் கைதட்டியது. ஆணியாரும் வேறு வழியில்லாமல் புன்னகை செய்தார். தையல்காரர் வீடு என்று முடிவாயிற்று, கடலுக்கு மிக அருகில் இருப்பது அதுதான் என்பதால்.

மறுநாள் காலையிலிருந்தே வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது. ஆணியார் வந்தார், தானாக வரவில்லை, பத்துப் பேர் மேளமில்லாத ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். குடிசைக்குள் ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில், விருந்தாளிக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தெரு முழுவதும் அவரவர் வாசலில் நின்று இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் லாரி டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

"இதான் கடைசி நடை! பாலத்துமேல தண்ணி ஏறிடுச்சுன்னா நான் திரும்பி வரமாட்டேன், சொல்லிட்டேன்!"

யாரும் அசையவில்லை. மகள் ஆணியாரையே பார்த்தாள். இந்த மனிதன் கடைசிவரை வீம்பாக உட்கார்ந்துவிட்டால்? அவனுடைய கோழைத்தனத்தின்மேல் அவள் ஒரு தெருவின் உயிரையே பந்தயம் கட்டியிருந்தாள். சொல்லப்போனால் அந்த நேரத்தில் ஊரிலேயே அவளைப்போல் ஆணியாரை நம்பியவர் வேறு யாருமில்லை.

முதல் காற்று தகரத்தைத் தட்டிப் பார்த்தது. ஆணியார் மேலே பார்த்தார்.

இரண்டாவது காற்று தகரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது. ஆணியார் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏங்க தையல்காரரே, இந்தத் தகரத்தை யார் அடிச்சாங்க?"

"நிவாரணத்துக்கு வந்த பசங்கய்யா."

"சரியா அடிச்சிருக்காங்களா? கட்டை உளுத்த கட்டை மாதிரி இருக்கே."

"உங்க ஆணி இருக்கேய்யா."

"அது இருக்கு, அது இருக்கு. நான் தகரத்தைக் கேக்கறேன். மேல ஒரு கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கலாமே!"

தையல்காரர் நிமிர்ந்தார்.

"அவளும் இதைத்தான் கேட்டா."

"யாரு?"

"என் சம்சாரம். 'கூரைக்கு ஒரு கயிறு போட்டுக் கட்டிடலாங்க'ன்னு அன்னிக்குக் காலைல கேட்டா. ஆணி இருக்கறப்ப கயிறு எதுக்குடின்னு சிரிச்சேன்." அவர் ஆணியாரின் முகத்தையே பார்த்தார். குரல் உயரவில்லை. "அவ சந்தேகப்பட்டதாலதான் ஆணி தூங்கிடுச்சுன்னு சொன்னீங்க. இப்ப நீங்களே சந்தேகப்படறீங்களே ஐயா. ஆணி தூங்கிடாதா?"

பதில் காற்றிடமிருந்து வந்தது. கூரையின் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு எழுந்தது. மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி காலி. ஆணியார் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு ஒரு பக்கம், சுத்தியல் ஒரு பக்கம். லாரியின் பின்பக்கம் ஏறக்கூடப் பொறுமையில்லாமல் முன் சீட்டில் டிரைவர் மடியில் போய் விழுந்தார்.

கீழ்த்தெரு ஒரு நொடி வாய் பிளந்து நின்றது. பிறகு அதுவும் ஓடியது. ஒலிபெருக்கியும் அதிகாரிகளும் தலைகீழாக நின்றும் சாதிக்காததை ஆணியாரின் இரண்டு கால்கள் சாதித்துவிட்டன. மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் வந்தார்.

பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலுக்குத் தூரமாக, நட்டநடுவில், மிகப் பத்திரமான இடத்தில் ஆணியார் படுத்திருந்தார். வெளியே புயல் மோதியது. சலூன்காரர் அதற்குள் கதை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா எதுக்கு ஓடினாருன்னு நினைக்கறீங்க? நம்ம எல்லாரையும் காப்பாத்த. அவரு ஓடலைன்னா நம்ம வந்திருப்போமா?"

இரண்டு மூன்று தலைகள் ஆடவும் ஆரம்பித்தன! மகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. இந்தப் பள்ளிக்கூடத்து நிலைல உங்க ஆணி அடிச்சிருக்கா?"

"இல்ல."

"ஆணி அடிச்ச வீட்டை விட்டுட்டு, ஆணி இல்லாத கட்டடத்துக்கு எந்த நம்பிக்கைல ஓடி வந்தீங்க?"

அந்நேரம் பார்த்து ஒரு ஜன்னல் கதவு இடிபோல் அறைந்தது. ஆணியார் துள்ளி உட்கார்ந்தார். பயத்தில் வாய் உண்மையை உளறியது.

"யோவ், இது கான்கிரீட்டுய்யா!"

எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு ஹாலே சிரித்தது. புயல் சத்தம் கேட்காத அளவுக்குச் சிரித்தது. சலூன்காரர் மட்டும் தன் வீட்டுக் கூரையை முதல் முறையாக நினைத்துப் பார்ப்பவர்போல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரர் சிரிக்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப, நான்தான் பாப்பா."

"நீங்க நம்பினீங்க. அவன் வித்தான். ரெண்டும் ஒண்ணில்லப்பா."

"கயிறு கேட்டாளே பாப்பா. ஒரு கயிறுதானே கேட்டா."

அவள் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். கீழ்த்தெருவில் ஆணி அடித்த வீடு, அடிக்காத வீடு என்று காற்று பாகுபாடே பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சமமாகப் படுக்க வைத்திருந்தது. ஆள் ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆணியார் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தார். இப்போது வேறோர் ஊரில் பூகம்பத்துக்குத் திருகாணி விற்கிறார் என்று கேள்வி. அங்கேயும் வரிசை நீளமாம்.

அன்று மாலை பேப்பர்க்காரி வலைப்பூவில் தண்ணீர் லாரி நிற்கும் இடத்தை எழுதினாள். தொடக்கூடாத கம்பிகளை எழுதினாள். கடைசியில் இதையும் எழுதினாள்:

"உங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இனியும் ஆட்கள் வருவார்கள். அவர்கள் வாயைப் பார்க்காதீர்கள். ஆபத்து வரும்போது அவர்களுடைய கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதற்கு முன்பே யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. என் அம்மா யோசித்தாள். நாங்கள்தான் அதற்குச் சந்தேகம் என்று பெயர் வைத்தோம்."