முன்னறைக்கு ஒரு வாய்க்கட்டு

முள் அப்பாவின் குதிகாலில் முழுசாக இறங்கிவிட்டது. அப்பா கத்தவில்லை. ஒற்றைக் காலில் நின்று வானத்தைப் பார்த்தார். கண் இரண்டும் பிதுங்கின. வாய் மட்டும் பூட்டின கடை மாதிரி இருந்தது.

பின்னால் வந்த பக்கத்து வீட்டு நாராயணபெருமாள் ஆசையோடு குனிந்து பார்த்தார்.

"என்னவே கிருஷ்ணமணி, முள்ளா? வலிக்கா? வலிச்சா சொல்லும்வே. வாயத் தொறந்து சொல்லும்."

அப்பா தலையை ஆட்டினார். முள்ளோடு நடந்தார்.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தது உச்சிப்பாறை. திற்பரப்பு தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு மேலே நிற்கிற மொட்டைப் பாறை. அன்றைக்கு உச்சிப்பாறை அம்மன் கொடை, வருஷத் திருவிழா. வளையல் கடை, பொரிக்கடை, கரும்புக்கட்டு, செண்டை மேளம் என்று ஊரே மலையில் கிடந்தது. அப்பா வாய்க்கட்டு நேர்ச்சை எடுத்திருந்தார். அடிவாரத்தில் பூசாரி கையில் மஞ்சள் கயிறு கட்டுவார். சாயங்காலம் தீபாராதனை கழிந்து அவரே அவிழ்ப்பார். அதுவரை வாயிலிருந்து ஒரு சத்தம் வரக்கூடாது.

வந்தால்? அம்மன் ஒன்றும் செய்ய மாட்டாள். ஊர் செய்யும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாராயணபெருமாள் இதே நேர்ச்சை எடுத்தார். பாதி மலையில் கட்டெறும்பு கடித்தது. "அம்மோ!" என்றார். அன்றிலிருந்து அவர் அம்மோ பெருமாள். அவர் மகள் கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட அம்மோ வீட்டுக் கல்யாணம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரை வைத்தது யார்? எங்கள் அப்பா. வைத்தவர் கையில் இன்றைக்கு மஞ்சள் கயிறு. அம்மோ பெருமாள் விடுவாரா? அடிவாரத்திலிருந்து அப்பாவின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

அப்பாவுக்கு இப்படி ஒரு பக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கள் முன்னறையிலிருந்து வந்தது.

அப்பா விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போவார். பத்து மணிக்குத் திரும்புவார். அதற்கப்புறம் முன்னறையில் கேரம் போர்டு. கூட்டாளிகள் வருவார்கள். ராத்திரி வரை டக், டக். வீட்டிலேயே வெளிச்சமும் காற்றும் வருகிற ஒரே அறை அதுதான். அம்மா தைக்கிறது அடுக்களையில், அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில். பிளஸ் டூ முடித்து நான் வீட்டில் சும்மா இருப்பதால் ஹூக் வைக்கிறதும் காஜா எடுக்கிறதும் என் தலையில். போன மாதம் ஒரு கல்யாணப் பொண்ணு பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள். சாளை மீன் குழம்பு மணக்குதாம். மூக்கை வைத்துப் பார்த்தேன். மணந்தது. பொய் சொல்ல எனக்கு வராது.

அம்மா அன்றைக்கு அழவில்லை. "முன்னறைய எனக்குத் தாங்க. கடை போடுதேன்" என்றாள்.

"கொடை கழியட்டு, சொல்லுதேன்" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து வினோஜ் மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. "அத்தான் செரின்னு சொன்னா போதும். மோட்டார் மெஷின் ரெண்டு இறக்குதேன்" என்றார். அப்பாவின் முகம் ரெட் காயின் போன முகமாகிவிட்டது. அம்மா தினமும் கேட்டாள். காலையில் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள். "செரியா? சொல்லுங்க, செரியா?" அப்பா இருமினார். தும்மினார். ஒருநாள் பாதிச் சோற்றில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். எங்களிடம் மாடு கிடையாது.

மாமாவுக்குத் திரும்பிப் போக பிளேன், கொடை அன்றைக்கு ராத்திரி. திருவனந்தபுரத்தில். மத்தியானமே மலை இறங்கினால்தான் பிடிக்க முடியும். முந்தின நாள் அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"மக்களே, நாளைக்கு அப்பாவுக்கு வாய்க்கட்டு. நான் கையைக் காட்டுவேன், நீ சொல்லணும். இது தண்ணி. இது சாயா. இது வேண்டாம்."

"எதுக்குப்பா இந்த வேலை? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிர வேண்டியதுதானே?"

"முடியாதுன்னா சண்டை. செரின்னா ரூம் போச்சு. ஒண்ணுமே சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா?"

"வினோஜு பிளேன் ஏறிருவான். பின்ன ரெண்டு வருஷத்துக்கு ஸ்ட்ரைக்கர் நம்ம கையில!"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒரு வாரம் முன்னே சாப்பாட்டு நேரத்தில் அம்மா சொன்னது என் காதில் கிடந்தது. "சில ஆம்பிளைங்க வாயக் கட்டிட்டு மலை ஏறுதாங்க. நம்ம வீட்டுல அதுக்கெல்லாம் ஆளு ஏது?" அப்பா அன்றைக்கு மோரை ஊற்றிக்கொண்டே யோசித்தார். இன்றைக்கும் அது தன் யோசனை என்றுதான் நம்புகிறார்.

கயிறு கட்டின உடனே அம்மா அப்பாவின் போனை வாங்கிக் கூடையில் போட்டாள். "விரதக்காரருக்கு போன் எதுக்கு?" கூடையைச் சுமந்தது நான். அரிசி, சர்க்கரை, தேங்காய். அதற்கு அடியில் இஞ்ச் டேப். மறந்து கிடக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

உச்சிக்கு வந்ததும் எல்லாரும் பாறை ஓரத்து மரநிழல் பார்த்துப் பொங்கலுக்கு அடுப்புக் கூட்டினார்கள். அம்மா வெயிலில், மைக் செட் பந்தலை ஒட்டிக் கூட்டினாள்.

"ஏம்மா, அங்க நிழல் கெடக்குல்லா?"

"இங்கன காத்து வரும்."

காத்து வரவில்லை. அம்மோ பெருமாள் வந்தார். மைக் அவர் பொறுப்பு. அரிசி கொடுத்தவர், விளக்கு கொடுத்தவர் பேரெல்லாம் வாசித்தார். அப்பா பாறையில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மாமா வாட்சைப் பார்த்தார். அப்பாவும் மாமாவின் வாட்சைப் பார்த்தார். முகத்தில் லேசாகச் சந்தோஷம். அந்தக் கொடையில் அவர் கண்ட சந்தோஷம் அவ்வளவுதான்.

"அண்ணா, ஒரு நிமிஷம் மைக்கத் தாங்க" என்றாள் அம்மா. வாங்கினாள்.

"உச்சிப்பாறை அம்மைக்கு முன்னால வச்சுச் சொல்லுதேன். எங்க வீட்டு முன்னறையில தையல் கடை போடப் போறேன். எங்க வீட்டுக்காரரு இங்கனதான் இருக்காரு. அவருக்கு வேண்டாம்னு இருந்தா இப்ப சொல்லட்டு."

ஒரு மாதமாக 'செரியா' என்று கேட்டவள், மலை உச்சியில் கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். அப்பா முள்ளை விட்டுவிட்டு எழுந்தார். இரண்டு கையையும் ஈ ஓட்டுகிற மாதிரி ஆட்டினார்.

அம்மோ பெருமாள் மைக்கைப் பிடுங்கினார். "பக்தர்களே, கிருஷ்ணமணி கையை ஆட்டுதாரு! தனக்குப் பாராட்டு வேண்டாங்காரு! எப்பேர்ப்பட்ட மனசு!"

மலையே கைதட்டியது. ஒரு பாட்டுக்கார அம்மா குரவை போட்டாள். அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

"பாராட்டு இல்ல, பெருமாள் மாமா. அப்பா கடை வேண்டாங்காரு."

கைதட்டல் நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே அணைந்திருக்கும். ஆனால் குரல் ஏறவில்லை.

"அவருக்கு என்ன வாயில்லியா? அண்ணா, நேர்ச்சையில சைகை செல்லுமா?"

"செல்லாது!" என்றார் அம்மோ பெருமாள். இத்தனை வருஷக் கோபமும் ஸ்பீக்கரில் வந்தது. "கட்டெறும்பு கடிச்சப்ப நான் சைகையா காட்டினேன்? வாயால சொன்னேன். வாயால சொன்னதத்தான் ஊரு இன்னும் சொல்லுது!"

அப்பா குனிந்தார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். பாறையில் பெரிசாக எழுத ஆரம்பித்தார். 'மு' வந்தது. 'டி' வந்தது. அதற்குள் அம்மாவின் பானை பொங்கியது. நுரையும் கஞ்சியும் அடுப்பைத் தாண்டி, பாறையில் வழிந்து, எழுத்து இரண்டையும் கழுவிக்கொண்டு அப்பாவின் முள் குத்தின காலில் போய் நின்றது. சுட்டிருக்கும். அதற்கும் அப்பா கத்தவில்லை. பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரவை போட்டார்கள்.

"அத்தான், நேரமாச்சு" என்றார் மாமா. பாவம், அவருக்கு நிஜமாகவே பயம். "உங்களுக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம். நான் வற்புறுத்தல."

அம்மா கூடைக்குள் கை விட்டு இஞ்ச் டேப்பை எடுத்தாள். மாமாவிடம் கொடுக்கவில்லை. கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அப்பாவுக்கு நேரே வந்து நின்றாள். வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது. எத்தனை வருஷம் அந்த முகம் அடுக்களைப் புகையில் நின்றது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"இங்க பாருங்க. எனக்கு ஒரு பிடிவாதமும் இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த டேப்ப இங்கனயே அம்மைக்குப் போட்டுட்டு, பழையபடி அடுக்களையில இருந்து தைக்கேன். இனி சாவு வரைக்கும் கேக்க மாட்டேன்."

செண்டை நின்றுவிட்டது. அம்மோ பெருமாள் மைக்கை அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்த மனுஷன் முகத்தில் பார்த்ததே இல்லை.

அப்பா வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். மாமாவின் வாட்சைப் பார்த்தார். கீழே, ரப்பர் தோட்டத்துக்கு அப்பால், எங்கள் வீடு இருக்கிற திக்கைப் பார்த்தார். அப்புறம் அம்மோ பெருமாளைப் பார்த்தார். திறந்த வாயை மூடினார்.

அம்மா சொல்லச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அப்பா சொல்லவில்லை. "வினோஜு, போற வழியில முன்னறைய அளந்துட்டுப் போ" என்று அம்மா டேப்பை மாமா கையில் கொடுத்தாள்.