என் வீட்டுக்காரரின் ஆறு இலவச இரவுகள்

அன்புள்ள கொழுந்தனார் தம்பிக்கு,

உங்கள் அண்ணி எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதீர்கள், அண்ணன் போய் மூன்று மாதம்தான் ஆகிறது.

ஊர் ஊராகப் போகிற வேலை உங்களுக்கும் வந்துவிட்டது, அண்ணனைப் போல ஒரே கம்பெனி ஓட்டலில் தங்கினால் லாபமா, கிடைத்த இடத்தில் தங்கினால் லாபமா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆனாலும் இந்த விஷயத்தில் இப்போது என்னைக் கேட்கலாம்.

இருபது வருடம் மெஷின் பெல்ட் விற்கப் போன மனிதர் வேறு ஓட்டல் வாசலை மிதித்ததில்லை. ஒருமுறை கொட்டுகிற மழையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே காலி அறை இருக்க, நனைந்துகொண்டே ஊரின் மறுகோடிக்குப் போய் அந்த ஓட்டலில் தங்கிவிட்டு வந்தார். "தங்கத் தங்க கார்டுல பாயின்ட் ஏறுதுடி" என்றார். எனக்கு ஏறின காய்ச்சல்தான் தெரிந்தது. பழைய ஆள் என்று மரியாதைக்கு மேல்மாடியில் அறை கொடுப்பார்களாம். முட்டிவலிக்காரர், லிஃப்ட் ஓடாத நாளில் அந்த மரியாதையைப் படிப்படியாக ஏறிப் போய் வாங்கிக்கொள்வார். "ரிட்டயர் ஆனதும் உன்னையும் கூட்டிட்டுப் போறேன், அப்போ பாரு" என்பார்.

அவர் பர்ஸில் அந்த ஓட்டல் கார்டு இருந்தது. கூட இருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சேர்ந்த பாயின்டுக்கு ஆறு இரவு இலவசம், இந்த மாதக் கடைசிக்குள் தங்காவிட்டால் போய்விடும். கார்டுக்காரர் இறந்தாலும் போய்விடும். அந்த மனிதர் இருபது வருடம் வீட்டுக்கு வராமல் சேர்த்தது அந்த ஆறு இரவுதானே தம்பி, அதையும் விட்டுவிட முடியுமா? அவர் அடிக்கடி தங்குகிற ஊர் ஓட்டலுக்குப் போன் செய்து அவர் பேரில் அறை சொல்லிவிட்டு, "அவர் பின்னாடி வர்றாரு" என்று ஒரு பெட்டியோடு போய் நின்றேன்.

வரவேற்பு மேஜைப் பெண் தினமும் கேட்டாள், "சார் எப்போ வருவார் மேடம்?" முதல் நாள் வேலை என்றேன், இரண்டாம் நாள் மீட்டிங் என்றேன். போலீஸ் வந்துவிடுமோ என்று சாப்பாடு இறங்கவில்லை. ஆள் இருக்கிற மாதிரி காட்ட வேண்டுமே என்று கட்டிலின் மறுபக்க விரிப்பையும் கசக்கினேன், இன்னொரு டவலையும் நனைத்து, அவர் வீட்டில் போடுகிற மாதிரியே தலையணைமேல் சுருட்டிப் போட்டேன். அறை கூட்டுகிற அம்மாள் வந்து அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"சார் வந்துட்டாராம்மா?"

"வந்துட்டு வேலைக்குக் கிளம்பிட்டாரு. பாரேன், டவலைப் போட்டிருக்கிற அழகை."

"இது சார் போட்ட டவல் இல்லையே! சார் மடிச்சு, கம்பியில போட்டு, ஓரத்தை நேரா இழுத்துவிட்டுப் போவாரே. பதினோரு வருஷமா பார்க்கிறேன். போர்வையைக்கூட அவரே உதறி விரிச்சிடுவாரு, தங்கமான மனுஷன். உங்களுக்கு வீட்ல வேலையே இருக்காதே!"

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். முப்பது வருடம் ஈர டவலுக்காகவே அவரோடு மல்லுக்கு நின்றவள் நான். அங்கே மடித்தாராம்! "இன்னிக்கு அவசரம் போல" என்று சமாளித்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கமா, ஆத்திரமா, எனக்கே தெரியவில்லை. ஆள் இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மறுநாளிலிருந்து நானே மடித்து ஓரத்தை இழுத்துவிட்டேன். நல்ல பேர் அவருக்கு.

பொய் சொல்லிச் சொல்லி என்ன ஆனது தெரியுமா தம்பி, நாலாம் நாள் லிஃப்ட் கதவு திறந்தபோதெல்லாம் நானும் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கிளம்பும்போது வரவேற்பு மேஜைப் பெண் சிரித்துக்கொண்டே, "இருபது வருஷம் ஆனதுக்கு சாருக்கு இன்னும் நாலு நைட் ஃப்ரீ வந்திருக்கு மேடம். அடுத்த தடவை மேனேஜரே பொக்கே கொடுக்கணும்னு சொன்னார், அழைச்சிட்டு வாங்க" என்றாள். பூவெல்லாம் போட்டாச்சும்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. "சொல்றேன்" என்றுதான் சொன்னேன்.

ஆகையால் ஒரே ஓட்டலைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். வேலைக்குப் பக்கமாக, படுக்கை சுத்தமாக எங்கே கிடைக்கிறதோ அங்கே தங்கிவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வாருங்கள். இன்னொன்று, நீங்களே அவர்களுக்குப் போன் போட்டு அண்ணன் இல்லை என்று சொல்லிவிடுங்கள். என் வாயால் வர மாட்டேன் என்கிறது. கடிதத்தோடு ஓட்டல் நம்பரையும் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அந்த ஓட்டல் பெண்ணே கூப்பிட்டுவிட்டாள், "சார் இருக்காரா மேடம்?" என்று. என்னை அறியாமல் "குளிச்சிட்டு இருக்கார்" என்று சொல்லி, அடுத்த மாதம் நாலு நாளுக்கு அறையும் சொல்லிவிட்டேன். நீங்கள் போன் போட வேண்டாம். உங்களைக் கேட்டாலும் குளிக்கிறார் என்றே சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் அந்தக் கார்டு ஒன்று வாங்கி வையுங்கள். அவர் குளித்துவிட்டு வர நேரமாகும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும், இருபது வருடப் பழக்கமாயிற்றே.