லாரி மோதியது, விழுந்தது நான்

வீடியோ கேம் ஆடித் தோற்றவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். தானே எழுதிய கேமைப் பக்கத்தில் நின்று பார்த்தே மூர்ச்சை போட்டு விழுந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் பெண் கொடுக்க வந்தவர் கண்ணெதிரே.

எண்பதுகளின் கடைசி. சூரமங்கலத்தில் லாரி உதிரி பாகக் கடை ஒன்றின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வாத்தியார். மொத்தம் ஒரே கம்ப்யூட்டர், அதற்குத் திரையாக ஒரு கலர் டி.வி. (ஒன்றுக்கு எதற்கு சென்டர் என்ற பெயர் என்று கேட்காதீர்கள். அப்போது யாரும் கேட்கவில்லை.) தூசி ஆகாது என்று எல்லோரையும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைப்பேன். வெளிச்சமும் ஆகாது என்று நானாகவே முடிவு செய்து ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டியிருந்தேன். உள்ளே வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த இருட்டில் மூன்று மாதம் மூளையைக் கசக்கி ஒரு கேம் எழுதினேன். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு லாரி ஓட்ட வேண்டும். எதிரே பஸ், மாட்டு வண்டி, எருமை எல்லாம் வரும். ஓட்டுவதற்கு நான்கு பட்டன்கள், நான்கையும் நான்கு விரல்களால் மாற்றி மாற்றி அமுக்க வேண்டும். எதிலாவது மோதினால் திரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் பளீர் பளீரென்று வெட்டும். அந்த வெட்டுதான் என் பெருமையே. கண் கூசுகிறது என்று சொன்ன மாணவன் ஒருவனை, போய்க் கண் டாக்டரைப் பார் என்று அனுப்பிவிட்டேன். எனக்கே அதைப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். என் திறமை அப்படி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி ஹாஸ்டலில் ஒருநாள் கெட்டுப்போன ட்யூப் லைட் ஒன்று மின்னி மின்னி அடித்துக்கொண்டிருந்தபோது, அதற்குக் கீழேயே நான் விழுந்து கிடந்திருக்கிறேன். பசி மயக்கம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லி, அந்தக் கதையை அத்தோடு மூடிவிட்டாள்.

அப்போதுதான் எடப்பாடியில், தறி ஓட்டும் ஒரு குடும்பத்தில் எனக்குப் பெண் பேசினார்கள். தனலட்சுமியை ஒரே ஒரு முறை பார்த்தேன். அதன் பிறகு எனக்கு வேறு எதிலும் புத்தி ஓடவில்லை, கேமில் எருமைகூட வானத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் வேலையை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். சொன்னபடியே ஒரு சனிக்கிழமை வந்தார்.

வலது கையைத் தோள் துண்டால் மூடியபடியே நின்றார். எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கெத்தான மனுசன் என்று நினைத்தேன். ஒரு ஆட்டம் ஆடுங்கள் மாமா என்றேன். (கல்யாணம் முடிவாகும் முன்பே மாமா.) எனக்கெதற்குத் தம்பி என்று நழுவினார். நான் விடவில்லை. துண்டு விலகியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருந்தன. எப்போதோ தறிச் சக்கரத்தில் சிக்கியிருக்கிறது.

அறிவுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான், பழகினால் வந்துவிடும் மாமா என்றேன்.

பாவம், மனிதர் நேர்மையாக முயன்றார். இல்லாத விரலுக்கு என் பட்டன் எப்படி எட்டும்? மூன்று விநாடிக்கு ஒரு முறை லாரி மோதியது. மோதும்போதெல்லாம் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. இதோ இந்த பட்டன் என்று காட்ட நான் குனிந்தேன். என் முகத்துக்கும் டி.வி.க்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பஸ், எருமை, மறுபடியும் எருமை. அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார், அது வேறு விஷயம். மற்ற இடமென்றால் ஒரு சாவிக்கொத்தோடு முடிந்திருக்கும். கீழே இருந்தது லாரி உதிரி பாகக் கடை. என் வலது கையில் ஸ்பானர், இடது கையில் ஜாக்கி லிவர், நெஞ்சின் மேல் (யார் யோசனையோ) லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று. கடை ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள், செருப்போடு.

டி.வி. அணைந்திருந்தது. பிளக் மாமா கையில் இருந்தது. "இந்தக் கருமத்தாலதானுங்க தம்பி," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மின்னும் வெளிச்சம் உங்களுக்கு ஆகாது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா வேறு மருந்து வைத்திருந்தாள். "பெருமாளுக்குச் சனிக்கெழம விரதம், அதான் மயக்கம்னு சொல்லியனுப்பிர்றேன். நீ வாயத் தொறக்காத, சாமி." உண்மையைச் சொன்னால் தனலட்சுமி கிடைக்கமாட்டாள். சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் அவள் காரணம் தெரியாமல் கையில் ஸ்பானரோடு என் பக்கத்தில் நிற்பாள். இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடப்பாடிக்குப் போனேன். விரதமெல்லாம் பொய், எனக்கு இது இரண்டாவது தடவை, முதல் தடவை ஹாஸ்டலில் என்று மாமாவிடம் ஒப்பித்து முடித்தேன்.

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையை முழங்காலின் மேல் வைத்தார். "மூணு தடவ உங்க ஊட்டுக்கு வந்தேனுங்க. மூணு தடவையும் இதத் துண்டுக்குள்ளாரயேதான் வெச்சிருந்தேன். நீங்க எழுதுன சனியன்தான் வெளிய எடுக்க வெச்சுது."

உள்ளேயிருந்து தனலட்சுமி கதவோரம் வந்தாள். என் உடம்பைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, லாரி மோதுனா எதுக்குங்க அத்தன வெளிச்சம்? மோதிருச்சுன்னு எழுதிப்போட்டாப் பத்தாதுங்களா? அப்பறம், லாரிக்கு நாலு பட்டன் எதுக்குங்க? எங்கப்பாவுக்கு ஒண்ணு பத்தாதா?"

திருத்திக் கொண்டு வருகிறேன் என்றேன். கொண்டு வாங்க என்றாள். அதுதான் சம்மதம் என்று எனக்குப் புரியவே பஸ்ஸில் பாதி தூரம் ஆனது.

புதிய கேமில் ஒரே பட்டன். லாரி மோதினால், புள்ளி புள்ளியாக நான் வரைந்த எழுத்தில் 'மோதிருச்சுங்க' என்று மட்டும் வரும். ஜன்னலின் கறுப்புத் துணியையும் கழற்றிவிட்டேன். மாமா முதல் நாளே நாமக்கல் வரை ஓட்டிவிட்டு, இறங்கிப் போய்க் கீழ்க் கடையில் எல்லோரிடமும் சொன்னார். கல்யாணத்தில் அந்தக் கடை ஆட்கள் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்த மொய், அதே ஸ்பானர்.

அது இன்றும் எங்கள் டி.வி. ஸ்டாண்டில்தான் இருக்கிறது. போன மாதம் பேத்தி புதிதாக ஒரு கேம் போட்டாள். மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று முதலில் ஒரு எச்சரிக்கை வந்தது. உலகமே படிக்காமல் தாண்டுகிற அந்தப் பக்கத்தை அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, எதற்குப் பாட்டி இதைப் போடுகிறார்கள் என்று கேட்டாள்.

தனலட்சுமி ஸ்பானரை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க தாத்தன் உழுந்தாருல்ல சாமி, அதுக்கப்புறந்தான் இதெல்லாம் எழுதிப் போடறாங்க."

நான் மறுக்கவில்லை.